பதினேழாவது குழாய்

இல்ல சார், கதவ இப்பவே சாத்தாதீங்க. போர்டுல ஒரு மணின்னு போட்டிருக்கு. உங்க தலைக்கு மேல தொங்குற கடிகாரத்துல இன்னும் இருவத்தெட்டு நிமிஷம் பாக்கி. சனிக்கெழம அர நாளுதான், தெரியும். டிபன் கேரியர் அந்தப் பக்கம் கிளம்பத் தயாரா நிக்குது, அதுவும் தெரியுது. மீன் கொழம்பா? நான் ஒன்னும் கேக்கல லா, மூக்கு தானா விசாரிச்சுச்சு.

ஃபார்ம் இதான். காலையில பத்து மணிக்கு நீங்கதான் திருப்பிக் குடுத்தீங்க. எனக்கில்ல, அவனுக்கு. அதோ சுவத்தோரம் பெஞ்சுல, குடைய மடியில வச்சிக்கிட்டு, கழுத்து வரைக்கும் பட்டன் போட்டு உக்காந்திருக்கான் பாருங்க, அவன்தான் அஸ்மத். வேல கேக்குறது அவன். நான் மருதப்பன், கூட வந்த ஆளு. அவனே ஏன் மறுபடி வரலன்னா கேக்குறீங்க? அவன்கிட்ட ஒரு தடவ வேணாம்னு சொன்னாப் போதும் சார், தேங்க்யூ சொல்லிட்டு வந்துருவான். எனக்கு நூறு தடவ சொன்னாலும் ஏறாது. பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர் என்னய வெளிய போ, வெளிய போன்னு எத்தன தடவ சொன்னாரு தெரியுமா. கடசில அவரு மேல பாவப்பட்டு நானாத்தான் போனேன். செகண்டரி டூ.

சரி சரி, விஷயத்துக்கு வர்றேன்.

இன்னிக்குக் கடசி நாள். ஒரு மணிக்குள்ள இந்த ஃபார்ம் உங்க தட்டுல விழலேன்னா அவ்வளவுதான். வெள்ளக்காரன் கேம்ப்ப காலி பண்றான், அந்த ராக்கெட்ட இங்கயே விட்டுட்டுப் போறான், அதப் பாத்துக்க நம்ம ஆளு நாப்பது பேரு வேணும், ட்ரெயினிங் நாங்களே குடுக்குறோம்னு நீங்கதான பேப்பர்ல போட்டீங்க. அந்த நாப்பதுல ஒருத்தன் அந்த பெஞ்சுல உக்காந்திருக்கான். மத்த முப்பத்தொம்போது பேர நீங்களே தேடிக்கங்க.

நீங்க ஏன் திருப்பினீங்கன்னும் புரியுது. அனுபவம்னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்க, மூணு விரல் அகலந்தான் எடம். எல்லாரும் அதுல ஒரு கோடு கிழிச்சுட்டுப் போயிட்டாங்க. இவன் மட்டும் ஆறு பக்கம் தனியா ஒட்டிக் குடுத்திருக்கான். பதினேழு சோதன. என்னிக்கு, எங்க, எவ்வளவு செலவு, ஏன் கெட்டுச்சு, எல்லாம். அதோட விட்டானா? கடசிப் பக்கத்துல, பதினேழாவது உடைந்ததற்கு என் கணக்குத் தவறே காரணம்னு எழுதி, கீழ கையெழுத்து வேற. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல எனக்கு வயித்து வலி உண்டுன்னு சொல்ற மாதிரி. நீங்க கேட்டது நியாயந்தான். தன் கணக்கு தப்புன்னு தானே எழுதுறவன அந்த மாதிரி சாமான்கிட்ட எப்படி விடுறதுன்னீங்க.

அந்த வரி தப்பு சார். அதச் சொல்லத்தான் வந்தேன். அத அடிச்சுட்டு வாங்கிக்கங்க.

அப்ப எதனால உடைஞ்சுச்சுன்னா கேக்குறீங்க? சொல்றேன். மொதல்லேருந்து சொன்னாத்தான் புரியும். உக்காருங்க சார், கொழம்பு ஓடிப் போயிராது.

நாங்க ரெண்டு பேருமே கேம்ப்ல இருந்தவங்கதான். அவன் ஸ்டோர்ல கிளார்க்கு, நான் பெயிண்டர். வீட்டு பெயிண்டர் இல்ல, அந்த ராக்கெட்டுக்கே நான்தான் அடிப்பேன். நம்ம ஊரு உப்புக் காத்துக்கு ஆறு மாசத்துல தோலு பொரிஞ்சிரும். சுரண்டணும், தேய்க்கணும், ரெண்டு கோட்டு அடிக்கணும். நான் ரெண்டு கோட்டு அடிச்சேன்னா அடியில என்ன இருக்குன்னு அடிச்ச எனக்கே தெரியாது. சார்ஜண்ட் வந்து உள்ளங்கையால தடவிப் பாத்துட்டு லவ்லி, லவ்லிம்பான். வருஷம் பூரா அது வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கும். ஒரு தடவகூட பறந்து நான் பாத்ததில்ல. கல்யாண மாப்பிள்ள மாதிரி பவுடர் பூசி நிக்க வச்சிருப்போம், பொண்ணு வீட்டுக்காரன் வரவே மாட்டான்.

அதுக்கு மேல ஒன்னு, கீழ ஒன்னு, ரெண்டு குழாய் இருக்கும். அதான் எஞ்சினு. உள்ள எட்டிப் பாத்தா காத்தாடி இல்ல, பல் சக்கரம் இல்ல, கிட்டத்தட்ட வெத்துக் குழாய். முன்னால காத்து வேகமாப் பூரும், நடுவுல எண்ண எரியும், பின்னால நெருப்பா வெளிய தள்ளும். சத்தம் போற வேகத்தவிட ரெண்டு மடங்கு வேகமாப் போவுமாம். டேய் அஸ்மத், இது நம்ம காப்பிக் கட புகபோக்கிடா, படுக்க வச்சு ரெக்க ஒட்டியிருக்கானுங்கன்னேன். அவன் சிரிக்கல. குனிஞ்சு உள்ளயே பாத்துக்கிட்டிருந்தான். அன்னிக்கே நான் உஷாராயிருக்கணும்.

ஏன் இவ்வளவு விலைன்னு கேட்டான் ஒரு நாள். ஸ்டோர்ல வேல பாக்குறவனாச்சே, விலை கண்ணுல பட்டுருச்சு. ஒரு ராக்கெட்டு விலைக்கு தோ பாயோ அடுக்குமாடியில ஒரு மாடி முழுக்க வீடு வாங்கலாம். இரும்பு எவ்வளவு, கம்பி எவ்வளவுன்னு அவனே உக்காந்து கூட்டிப் பாத்தான். பத்துல ஒரு பங்குகூட வரல. மிச்சம் எதுக்குடான்னேன். அவன் சொன்னது எனக்கு இன்னும் மறக்கல சார். இது ஒழுங்காப் பறக்குறதுக்கு முன்னாடி எத்தன கடல்ல விழுந்திருக்கும், எத்தன தரையிலயே வெடிச்சிருக்கும், அதெல்லாத்துக்கும் சேத்துத்தான் விலை. அவன் தோத்ததுக்கு நாம காசு குடுக்குறோம். ஆனா தோத்து தோத்துக் கத்துக்கிட்டது அவன்கிட்டயே இருக்கும், அத எவனும் விக்க மாட்டான். நமக்கு வேணும்னா நாமதான் தோக்கணும், இங்கயேன்னான். நான் சொன்னேன், தோக்குறதுதான வேல, அதுல எனக்கு நல்ல அனுபவம், என்னயச் சேத்துக்க.

இல்ல சார், சும்மா பேசிட்டு விடல. மூணு ஆபீசுக்கு லெட்டர் போட்டான். இங்கிலீஷ்ல, கோடு போட்ட மாதிரி கையெழுத்துல. இங்கயே சின்னதா ஒன்னு செஞ்சு பாக்கலாம், சம்பளம் வேணாம், ஒரு ஷெட்டு குடுத்தாப் போதும்னு. மூணு எடத்துலேருந்தும் ஒரே பதிலு. அனுபவம் இல்ல. மூணு பேரும் ஒரே டைப்ரைட்டரு வச்சிருக்காங்களோன்னு எனக்கு சந்தேகம். அனுபவம் இருந்தாத்தான் வேல, வேல செஞ்சாத்தான் அனுபவம். அந்த எஞ்சினும் இதே ஜாதிதான். நின்ன எடத்துல பத்திக்காது. ஓடிக்கிட்டிருந்தாத்தான் காத்து பூரும், காத்து பூந்தாத்தான் எரியும், எரிஞ்சாத்தான் ஓடும். அதனால ராக்கெட்டச் சுத்தி நாலு வாணம் கட்டி வச்சிருப்பான். அதுங்க மொதல்ல ஒரு தள்ளு தள்ளிட்டுக் கழண்டு விழுந்துரும். வெள்ளக்காரன் இரும்புக் குழாய்க்குக்கூட தள்ளி விட ஆளு வச்சிருக்கான். நம்ம ஊர்ல மனுஷனுக்கு இல்ல. நீங்க கொஞ்சம் தள்ளி விடுங்க, கழண்டுக்கங்க, போயி சாப்புடுங்க, அவ்வளவுதான் கேக்குறேன்.

போன டிசம்பர்ல கேம்ப்ல ஆளக் கொறைச்சான். ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல கடுதாசி. ஆனா அதுக்கு முன்னாடியே நாங்க ஆரம்பிச்சுட்டோம். சுங்கை ரோட்டுல என்ன வேணும்னாலும் கெடைக்கும்ல, நம்ம வீட்டுல காணாமப் போனதுகூட. அங்க ஒரு இரும்புக் குழாய், என் கை நீளம். காத்துக்கு பழைய மோட்டார்சைக்கிள் எஞ்சின்ல ஒரு ஊதுற மெஷினு. தள்ளுற வலு எவ்வளவுன்னு அளக்க தேக்கா மார்க்கெட்டுல மீன் கடைக்காரர்கிட்ட ஒரு தொங்குத் தராசு. ஆமா சார், மீன் நிறுக்குறதுதான். வெள்ளக்காரன் எதுல அளப்பானோ, நாங்க மார்க்கெட்டு எடை, காட்டிக் கணக்குல அளந்தோம். எஞ்சினு ஒரு காட்டி தள்ளுது, ஒன்னர காட்டி தள்ளுதுன்னு.

எங்க வச்சு சோதனன்னா, பொங்கோல் கோடியில. அங்க ஆளு கம்மி, பன்னிப் பண்ணதான் ஜாஸ்தி. அஸ்மத்துக்கு எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க. கைக்குட்டைய மூக்குல கட்டிக்கிட்டு, பன்னி ஒதுங்கிப் போற வரைக்கும் வரப்பு மேல ஒத்தக் காலுல நிப்பான். குழாயப் பாயில சுத்தி ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிட்டுப் போவோம். ஒரு நாள் பஸ்ஸ்டாப்புல ஒரு மலாய்க்காரப் பெரியவரு சாங்கோக் தொப்பியச் சரி பண்ணிக்கிட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. மய்யித்துன்னு, பொணம்னு நெனச்சுட்டாரு பாவம். அஸ்மத் பதறிப் போயி, இல்ல பாக், இது புகபோக்கின்னான். அவரு எங்களப் பாத்த பார்வ இருக்கே.

மொத சோதனையில நெருப்பு முன்பக்கமா வந்துச்சு. என் புருவம் போச்சு. இது பொறவு மொளச்சது, பாருங்க, எடது பக்கம் கொஞ்சம் கம்மி. மூணாவதுல குழாய் கட்டி வச்ச தென்னமரத்துலேருந்து பிச்சுக்கிட்டு வாத்துக் குளத்துல விழுந்துச்சு. ஒம்பதாவதுல ஒன்னுமே ஆகல, சத்தம் மட்டும். சத்தத்தவிட வேகமாப் போகணும்னு செஞ்சோம், சத்தம் ஊரு பூரா போயிருச்சு, குழாய் அங்கயே நின்னுச்சு. பன்னிங்க மூணு நாளு தீனி எடுக்கலன்னு பண்ண மொதலாளி, அந்தத் தவுக்கே, வந்து கத்துனான். அதுக்கும் தண்டம் கட்டுனோம். அந்த ஆறு பக்கத்துல பாருங்க, செலவுல பன்னி எட்டு வெள்ளின்னு எழுதியிருப்பான். நான் எழுதாதடான்னேன். செலவு செலவுதான்னான்.

பதினாறாவது ஒம்போது செகண்டு எரிஞ்சுச்சு சார். நின்னு எரிஞ்சுச்சு. நீல நெருப்பு. தராசு ரெண்டர காட்டி காட்டுச்சு. நான் வாத்துங்களோட சேந்து ஆடுனேன். அவன் ஆடல. உக்காந்து கணக்குப் போட்டான். நெருப்பு வர்ற பின்பக்கம், வாலு, குட்ட, இன்னும் ஒரு முழம் நீட்டி, கடசியில குறுக்குனா ஆறு காட்டி தள்ளும்னான். வாலுக்குப் படம் போட்டுக் குடுத்தான். மறுபடி சத்தம் கேட்டா போலீசுக்குப் போவேன்னு தவுக்கே சொல்லியிருந்தான். அதனால பதினேழாவத சீனப் பெருநாள் அன்னிக்கு வச்சோம். ஊரே பட்டாசு கொளுத்தும், பண்ணையில கொத்துக் கொத்தா வெடிப்பான், அதுல எங்க சத்தம் எவனுக்குத் தெரியும். அந்த யோசன என்னுது. ரெண்டு வாரம் அதையே சொல்லிச் சொல்லிப் பெரும பட்டுக்கிட்டேன்.

அன்னிக்குத்தான் உடைஞ்சுச்சு. வாலு பிச்சுக்கிட்டுப் போச்சு, உள்ள எரிஞ்சது பக்கவாட்டுல வந்துச்சு. அஸ்மத் தராசு முள்ளப் பாக்கக் கிட்ட நின்னான். எடது கை வெந்துச்சு, அது ஆறிருச்சு. எடது காது ஆறல.

மெதுவாவா? வேணாம் சார், அவனுக்குக் கேக்காது. எடது காதுதான் நம்ம பக்கம் இருக்கு. அதையும் எழுதியிருக்கான் பாருங்க, ஃபார்ம்ல ரெண்டாவது பக்கம், உடல்நிலைங்கிற எடத்துல. எதத்தான் விட்டான். அது டாக்டரு பாத்து முடிவு பண்ற விஷயம்னு நீங்களே காலையில சொன்னீங்க, அதனால அத நான் கேக்கல. இந்த ஒத்த வரிதான்.

எதனாலன்னு மறுபடி கேக்குறீங்க. கேப்பீங்க. பன்னெண்டே முக்கால் ஆச்சு. சார், அவன் கணக்கு சரி. எப்படித் தெரியும்னா, உடையுறதுக்கு முன்னாடி அவன் கத்துனான், அஞ்சு, அஞ்சர, அஞ்சே முக்கான்னு. கணக்கு ஆறு. பத்து வெள்ளி பெறாத குழாய வச்சிக்கிட்டு, மீன் தராச வச்சிக்கிட்டு, கால் காட்டி வித்தியாசத்துல போட்டிருக்கான். அனுபவம்னா இதுக்கு மேல என்னா வேணும். ஆனா அவன் அத நம்ப மாட்டேங்குறான். வீட்டுல இருந்த கணக்கு நோட்டு எல்லாத்தையும் அவங்கம்மா சம்சுன்னிசாகிட்ட அடுப்பெரிக்கக் குடுத்துட்டான். இந்த ஆறு பக்கம் என்கிட்ட இருந்ததால தப்பிச்சுச்சு. இந்த வேலைக்கும் நான்தான் இழுத்துட்டு வந்தேன். வர்றதுன்னா கடசி வரியையும் எழுதித்தான் குடுப்பேன்னான். உண்மையச் சொல்லாம வேலைக்குப் போக மாட்டானாம்.

உண்மையாம்.

சார், உங்க பேரு பலகையில பாலகிருஷ்ணன்னு போட்டிருக்கு. அண்ணேன்னு கூப்பிட்டுக்கவா? சரிண்ணே.

வாலு சேத்த எடம் வெல்டிங் இல்லண்ணே. ஈயம்.

ஈயந்தான். குடத்துல ஓட்ட விழுந்தா பத்த வைப்பாங்கள்ல, அதே ஈயம். சட்டி சூட்டுக்கே உருகும், இந்த நெருப்புக்கு எங்க நிக்கும். அஞ்சே முக்கா காட்டி வரைக்கும் புடிச்சுக்கிட்டிருந்ததே பெருசு.

அவனா? அவன் எதுக்குண்ணே அப்படிச் செய்வான். படத்துலயே வெல்டிங்னு ரெண்டு கோடு அடிச்சு எழுதியிருந்தான். கையில அஞ்சு வெள்ளி குடுத்து, லவெண்டர் ஸ்ட்ரீட் ஆ செங் வெல்டிங் கடைக்குத்தான் அனுப்புனான். பெருநாளுக்கு மொத நாள் போனேன். ஆ செங் நாலு நாளைக்குக் கட சாத்திட்டான். சீனப் பெருநாள். பக்கத்துக் கட, அதுக்குப் பக்கத்துக் கட, எல்லாம் பலக போட்டாச்சு. ஊரே பட்டாசு வெடிக்கிற நாள்ல ஊரே கட சாத்தியிருக்கும்னு யோசன சொன்ன இந்தப் புத்திசாலிக்குத் தோணல பாருங்க. திரும்பிப் போயி, கட இல்லடான்னு சொன்னா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு சொல்லிருப்பான். எனக்கு முடியல. அந்த ஆறு காட்டிய பெருநாள் அன்னிக்கே பாக்கணும். எல்லா ஆபீசு மூஞ்சியிலயும் அத எறியணும்.

எருமச் சந்துல பாத்திரத்துக்கு ஈயம் வைக்கிற செல்லக்கண்ணு இருக்காருல்ல, அவருகிட்ட எடுத்துட்டுப் போனேன். தம்பி, நெருப்பு படுற சாமானா, படும்னா நிக்காதுப்பான்னு அவரு கேட்டாரு. நல்லாத்தான் கேட்டாரு. மழத்தண்ணி எறங்குற குழாய்ண்ணேன்னுட்டேன். ஒரு வெள்ளி.

அப்புறம் வீட்டுக்குக் கொண்டாந்து பெயிண்ட் அடிச்சேன். வெள்ளிப் பெயிண்டு, ரெண்டு கோட்டு.

அஸ்மத் வந்து உள்ளங்கையால தடவிப் பாத்தான். ஆ செங் கை கைதான்டா, சேத்த எடமே தெரியலன்னான். அந்த வெல்டிங்க நம்பித்தான் அவ்வளவு கிட்டப் போயி நின்னான். நானா? நான் தென்னமரத்துக்குப் பின்னால நின்னேன்.

மிச்ச நாலு வெள்ளியா? டாக்சிக்கு ஆச்சு. ஆஸ்பத்திரி வரைக்கும் மீட்டர்ல நாலு வெள்ளி பத்து காசு. பத்து காசு என் கைக்காசு.

இல்லண்ணே, சொல்லல. மொத வாரம் சொல்லலாம்னா அவனுக்கு ரெண்டு காதுமே கேக்கல. எட்டாம் நாள் வலது காது தெளிஞ்சுச்சு. தெளிஞ்சதும் அவன் என்னயக் கூப்பிட்டு மொதல்ல சொன்னது என்ன தெரியுமா. கணக்குல எங்கயோ தப்பு பண்ணிட்டேன் மருது, நல்ல வேள, நீ அங்க நிக்கலன்னான். அதுக்கப்புறம் எந்த வாய வச்சிக்கிட்டுச் சொல்றது. இந்த வாயில ஜோக்குதான் வருது. வெள்ளிக்கெழமையானா அவங்கம்மா என்னயக் கூப்பிட்டு உக்கார வச்சு சோறு போடுறாங்க, புள்ளையத் தூக்கிட்டு ஓடுன கைன்னு.

அவன்கிட்ட சொல்லாத எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லியாச்சு. எடுத்துக்கங்கண்ணே. அந்த வரிய அடிச்சுட்டு, இணைப்புக் கோளாறுன்னு போடுங்க. கூட வந்தவன் செஞ்ச கோளாறுன்னு போட்டாலும் சரி. என் பேர எழுதுனாலும் சரி. எனக்கு ஒன்னும் போறதுக்கில்ல, எனக்கு எந்த ஃபார்மும் எங்கயும் கெடக்கல.

உங்களால முடியாதா? அவன் கையெழுத்து போட்டது அவன் கையாலதான் திருத்தணுமா? பக்கத்துல சின்னக் கையெழுத்தும் வேணுமா?

நெனச்சேன். ரூலு வேற எங்க போவும்.

சரி, அந்தப் பேனாவக் குடுங்க. மை இருக்கா இதுல? பன்னெண்டு அம்பத்தி ஒன்னு. கதவ மட்டும் பாத்துக்கங்கண்ணே, ஒம்போது நிமிஷம்.

அவன எந்திரிச்சு இந்தக் கோடிக்கு நகந்து உக்காரச் சொல்லணும், வலது காதுப் பக்கம் எனக்கு எடம் வேணும். நாலு மாசமா நான் அவனுக்கு எடது பக்கமே உக்காந்து பழகிட்டேன்.